குளியலறைச் சுவரின் வரலாற்றுச் சிறப்பு

என் மச்சினன் வீட்டுக் குளியலறைச் சுவர் விழுந்ததற்கு மழை காரணம். அது உடனே மறுபடி எழாமல் போனதற்கு வரலாறு காரணம். மழையை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

நான் வாயைத் திறந்தாலே புளுகு என்று என் மனைவி தெரிந்தவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். இது அவளுடைய சொந்தத் தம்பியின் கதை. இதை நான் சொல்லும்போது மட்டும் அவள் குறுக்கே பேசுவதில்லை. நடுநடுவே 'ஆமாம்' கூடப் போடுவாள்.

மச்சினனுக்குக் குடை ரிப்பேர் தொழில். கடைத்தெருவில் இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பான். கம்பி வளைந்த குடை, துணி கிழிந்த குடை, பொத்தானை அமுக்கினால் பக்கத்தில் நிற்பவர் மூக்கைப் பதம் பார்க்கும் குடை, எல்லாம் அவனிடம் வரும். சாது. யாராவது காலை மிதித்தால் 'மன்னிச்சுக்குங்க, கால் அங்க இருந்துச்சு' என்று சொல்லக்கூடியவன்.

வீடு மலைச்சரிவின் அடியில். வீட்டுக்குப் பின்னால், வீடு மறைக்காத ஓரத்தில், தனியாக, குளியலறை. அதற்கும் பின்னால் சரிவு முழுக்க ஒரு பழைய தோட்டம். எந்தக் காலத்திலோ ஒரு பிரபு ஆசையாகப் போட்டது. உச்சியில் கல்மண்டபம். அங்கிருந்து படிப்படியாக இறங்கும் புல்தளம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கிழட்டு மரங்கள். வீட்டுக்கு முன்பக்கம் தெருவைத் தாண்டினால் ஒரு குளம். யாரும் அதைக் கவனித்ததில்லை. ஆடுகள் மட்டும் கவனித்தன. புல்லைப் பற்றி அவற்றுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஒரு அடைமழையில், தோட்டத்தைப் பார்த்த பக்கத்துச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சத்தம்கூட அதிகம் இல்லையாம். வேலை முடிந்த ஆள் பெருமூச்சு விடுகிற மாதிரிதான் இருந்ததாம்.

மச்சினன் பெண்டாட்டி, முறைப்படி எனக்குத் தங்கச்சி, வாளியோடு போய் நின்று பார்த்திருக்கிறாள். எதிரே மலை. மலையில் ஆடுகள். ஆடுகள் இவளைப் பார்த்தன.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "நம்ம குளியலறையில மலை தெரியுது."

"அழகா இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் என் மச்சினன். குடைக்காரன், வெளியே வந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் நடந்ததற்கெல்லாம் இந்தக் கேள்விதான் தண்டனை என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

மறுநாள் வெயில் அடித்தது. கொத்தனார் வந்துவிட்டார். கலவையும் தயார். முதல் செங்கல்லை எடுத்து, அதன் மேல் இருந்த மண்ணைத் தட்டி, கரண்டியால் கலவையை வைத்தும்விட்டார். அப்போதுதான் மலை உச்சியிலிருந்து ஒரு அலறல்.

"நிறுத்துங்கள்! வரலாற்றைத் தொடாதீர்கள்!"

கொத்தனார் பயந்துபோய்ச் செங்கல்லைக் காலில் போட்டுக்கொண்டார்.

வந்தவர்கள் தொன்மை நிலக்காட்சிப் பேணல் வாரியத்தார். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வயது இடம் கொடுக்காது. வாரியம் என்றே வைத்துக்கொள்வோம். பழைய தோட்டத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, அந்த ஆண்டின் நல்ல காரியங்களில் ஒன்றாக அதையும் சேர்த்து, இவர்களை அனுப்பியிருந்தார்கள். முன்னால் ஓடி வந்தவர் ஆலோசகர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொள்வார். மூடியபடி ஓடி வந்ததால் இரண்டு முறை தடுக்கி விழுந்து எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் கேமராவோடு ஆய்வு அதிகாரி அம்மா. கடைசியில், யாரோ பிடித்த குடையின் கீழ், வாரியத் தலைவர். அந்தக் குடையில் ஒரு கம்பி இளகியிருந்ததை மச்சினன் உடனே பார்த்துவிட்டானாம். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்ததில் பேச்சின் ஆரம்பம் அவன் காதில் விழவில்லை.

ஆலோசகர் சுவர் இருந்த இடத்தின் முன்னால் நின்றார். கண்ணை மூடினார்.

"என்ன ஒரு இன்மை!" என்றார்.

"எது சார்?"

"இதுதான். இங்கே இல்லாமல் இருப்பது."

"சார், அது நேத்து மழையில விழுந்துடுச்சு."

"விழுந்ததா? விழ விடப்பட்டதா?" ஆலோசகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தம்பி, மண்டபத்தில் நின்று பார்த்தேன். பார்ப்பவன் கண் புல்தளத்தில் இறங்குகிறது. இந்த இடைவெளியில் நுழைகிறது. அதோ, அந்தத் திறந்த கதவு வழியாக வெளியேறுகிறது. தெருவைக் கடந்து குளத்தில் போய் ஓய்கிறது. தோட்டம் போட்டவன் சாதாரணப்பட்டவன் இல்லை. இந்தக் காட்சிப் பாதையை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறான்."

"சார், இது என் பொண்டாட்டி குளிக்கிற எடம்."

"இன்றைக்கும் குளிக்கிறார்களா?" ஆலோசகர் பரவசமாகத் திரும்பினார். "அம்மா, குறித்துக்கொள்ளுங்கள். வாழும் மரபு!"

ஆய்வு அதிகாரி படம் எடுத்துத் தள்ளினார். இடைவெளியை எடுத்தார். செங்கல் குவியலை எடுத்தார். திறந்து கிடந்த கதவை எடுத்தார். மூலையில் கவிழ்ந்து கிடந்த நீல வாளியை மண்டியிட்டு எடுத்தார். கொத்தனாரின் வீங்கிய கால் ஒரு படத்தில் விழுந்துவிட்டது. அது பிற்காலச் சேர்க்கை என்று தீர்மானித்து அழித்துவிட்டார்கள்.

சில நாளில் அறிவிப்பு வந்தது. இடைவெளி பாதுகாக்கப்பட்ட வெற்றிடம். செங்கல் குவியல் வரலாற்றுச் சிதைவு. குளியலறைக் கதவு என்றும் திறந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் வாரியம் பார்த்தபோது அது திறந்திருந்தது. வாளி கவிழ்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு செங்கல்லுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட இரண்டு பேர் வந்தார்கள். ஒரு எண்ணை இரண்டு தடவை போட்டுவிட்டு, அதற்காக அன்று முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

தங்கச்சி எல்லாவற்றையும் கை கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப நான் எங்க குளிக்கிறது?"

"அதைத் தடை செய்யலையாமே," என்றான் மச்சினன் பரிதாபமாக. "வழக்கம்போல குளிக்கலாமாம். மரபாம்."

"மலை பாக்க?"

"ம்."

"கதவு திறந்து வச்சு?"

"ம்."

"உங்க ஆலோசகரை முதல்ல வந்து குளிக்கச் சொல்லுங்க. நான் மண்டபத்துல உக்காந்து பாக்கிறேன்."

அடுத்த தெருவில் அவளுடைய அக்கா வீடு. முதலில் குளிக்க மட்டும் போனாள். பிறகு குளித்த தலை காயும்வரை இருந்தாள். பிறகு காபி குடித்துவிட்டு வந்தாள். ஒரு மழைநாளில் 'குளிச்சிட்டு நனையவா?' என்று அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கப்புறம் வரவேயில்லை.

சண்டை இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் மத்தியானம் கடைக்கு வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அவன் சாப்பிடுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து போவாள். ஆனால் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. "நாலு சுவர் இருந்தாத்தான் வீடு. மூணு சுவர் இருந்தா அது நாடக மேடை. எனக்கு நடிக்க வராது," என்று சொல்லிவிட்டாள்.

மச்சினன் என்னிடம் வந்தான். முகம் கிழிந்த குடை மாதிரி தொங்கியது.

"அத்தான், அவ அக்கா வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. மழைக்காலம் முடிஞ்சதும் கிளம்புறாங்க. இவளும் கூடப் போறாளாம்."

"எதுக்குடா?"

"அங்க குளியலறைக்கு நாலு சுவராம். தாழ்ப்பாளும் இருக்காம். தாழ்ப்பாளைப் பத்தி ரொம்ப நேரம் பேசினா அத்தான்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ஏண்டா, வாய் செத்தவனே! ஒரு துணியக் கட்டி மறைச்சாத்தான் என்ன?"

துணி என்றதும் அவனுக்குக் குடை ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே கடையில் யாரும் திரும்பி வாங்காமல் கிடந்த பெரிய கறுப்புக் குடைகளையெல்லாம் கொண்டுபோய், விரித்து, ஒன்றோடொன்று கோத்து, இடைவெளியை அடைத்துவிட்டான். பார்க்க லட்சணமாகவே இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு கூட்டம் காக்கைகள் சேர்ந்து நிர்வாகத்தை எதிர்த்து நிற்பது போல் இருந்தது.

காலையில் ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். "இது என்ன?"

"குடைங்க, மேடம்."

"அது தெரிகிறது. வெற்றிடத்தில் ஏன் பொருள் இருக்கிறது? வெற்றிடத்தில் பொருள் வைத்தால் அது வெற்றிடமா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் வாரியத்தோடு எனக்கிருந்த பெரிய தொல்லை. அவர்கள் சொல்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாக இருக்கும்.

குடைகள் போயின. பதிலுக்கு ஒரு காவலாளி வந்தார். தொப்பி, விசில், மடக்கு நாற்காலி. குளியலறையின் முன்னால், இடைவெளியைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். மச்சினன் குளிக்கும்போது மட்டும் மரியாதைக்காகத் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிக்கொள்வார்.

"என்ன வேலைண்ணே உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"இடைவெளியக் காவல் காக்கணும்."

"அதை யாரு திருடப் போறா?"

"அதான் எனக்கும் பயமே," என்றார் காவலாளி குரலைத் தாழ்த்தி. "ஒரு சாமான்னா திருடு போனா தெரியும். இது போயிடுச்சுன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? காலையில வந்ததும் ஒருதரம் கைய விட்டுப் பாத்துக்குவேன். எதுவும் தட்டுப்படலைன்னா பத்திரமா இருக்குன்னு அர்த்தம்."

இதற்கிடையில் மலையில் வேறு கூத்து. தோட்டத்தை மேய்கிறது என்று ஆடுகளைத் துரத்திவிட்டார்கள். ஆடுகள் போனதும் புல் இடுப்பளவு வளர்ந்தது. மண்டபத்திலிருந்து பார்த்தால் இடைவெளி தெரியவில்லை. மச்சினன் சந்தோஷப்பட்டான். இயந்திரம் வைத்து வெட்டலாம் என்றார் ஒருவர். இயந்திரத்தின் சத்தம் அந்தக் காலத்தில் இல்லை என்று ஆலோசகர் கண்ணை மூடினார். அரிவாள் வெட்டு நேர்கோடாக இருக்கும், பழைய புல் அப்படி நேராக இல்லை என்று மறுபடி மூடினார். கடைசியில் புல்லின் நுனியை மட்டும், அங்கங்கே, சீரில்லாமல், அலட்சியமாகக் கத்தரிக்க ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆட்டுக்காரருக்கே அந்த வேலை கிடைத்தது. பகலெல்லாம் கத்தரிக்கோலால் நுனி கிள்ளுவார். சாயங்காலம் அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் ஆடுகளுக்குப் போடுவார். "ஆடுங்க இப்பத்தான் நிம்மதியா இருக்குங்க, உக்காந்த எடத்துல வருது," என்றார் என்னிடம்.

பார்வையாளர்களும் வர ஆரம்பித்தார்கள். மண்டபத்தில் நிறுத்தி விளக்கம் சொல்ல ஒரு பெண்ணை வைத்தார்கள். அங்கே நின்று ஒலிபெருக்கியில் அவள் பேசுவது கீழே குளித்துக்கொண்டிருந்த மச்சினனுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"இப்போது உங்கள் பார்வை மெல்ல இறங்கட்டும். இடைவெளியில் நுழையட்டும். நடுவே அசைவது இந்த மரபைத் தொடர்ந்து பேணிவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் சோப்பு போட்டு முடித்ததும் குளம் முழுமையாகத் தெரியும். சற்றுப் பொறுங்கள்."

மேலே போய்க் கேட்டுவிடுவோம் என்று அவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வாரிய அலுவலகம் புதுக் கட்டடம். போனதும் அவன் முதலில் குளியலறையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நாலு சுவர் அத்தான். ஓடு பதிச்சிருக்காங்க," என்றான் ஏக்கமாக.

தலைவர் எங்களை உட்கார வைத்தார். பேசினார். தலைவருக்குப் பேச்சு கைவந்த கலை. கேள்வி கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

"உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நிலக்காட்சி உங்களுக்காக உண்டானது அல்ல. எனக்காகவும் உண்டானது அல்ல. வருங்காலத் தலைமுறைகளுக்காக. அவர்கள் வரும்போது அவர்களுக்கும் இதையே சொல்வோம்."

"சார், அந்தச் சுவரை எங்கப்பா கட்டினார்."

"அதற்கு ஆதாரம்?"

"அந்தச் செங்கல் குவியல்தான் சார்."

"அது சுவர் விழுந்ததற்கு ஆதாரம். கட்டியதற்கு ஆதாரம் எங்கே?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நாங்கள் வந்தபோது சுவர் இல்லை," என்று தலைவர் கனிவாக எடுத்துச் சொன்னார். "எனவே இடைவெளிதான் மூத்தது. சுவர் கட்டினால் அதுதான் புதியது. வாரியம் பார்த்த நாளில் எது எப்படி இருந்ததோ அதுவே வரலாறு. அதற்கு முன்னால் இருந்தது வெறும் பழசு."

எழுந்து வரும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். மண்டபத்தின் கூரையில் ஒரு அத்திக்கன்று முளைத்திருக்கிறது, வேர் கல்லைப் பிளக்கிறது, அதைப் பிடுங்கிவிட்டால் நல்லது என்று.

"மண்டபமா?" தலைவர் யோசித்தார். "அது காட்சியில் வராதே. அதில் நின்றுதானே காட்சியைப் பார்க்கிறோம்."

மழை தொடர்ந்தது. இடைவெளியின் ஓரத்துச் செங்கற்கள், பிடிமானம் இல்லாமல், ஒன்றிரண்டாக உதிர்ந்தன. ஒரு நாள் காவலாளி காலையில் கையை விட்டுப் பார்த்தார். வழக்கமாக இடிக்கிற இடத்தில் முழங்கை இடிக்கவில்லை. விசிலை ஊதிவிட்டார்.

ஆய்வு அதிகாரி அளந்து பார்த்தார். இடைவெளி பெரிதாகியிருந்தது.

தலைவருக்கு ஆனந்தம். "என் பதவிக்காலத்தில் நமது மரபுச் சின்னம் வளர்ந்திருக்கிறது!" என்று பத்திரிகைக்காரர்களை வரவழைத்தார். ஆலோசகருக்கோ ஆத்திரம். "வளர்ந்த பகுதி அசல் அல்ல. அது நவீன இடைவெளி. போலி!" அசல் இடைவெளி எது, போலி இடைவெளி எது என்று பிரித்துக் காட்ட நடுவில் ஒரு மஞ்சள் கயிறு கட்டினார்கள். அடுத்த மழையில் கயிறு கட்டியிருந்த செங்கல்லும் விழுந்தது.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் தங்கச்சி வந்தாள். வாழ வரவில்லை. பெட்டியை எடுத்துப்போக வந்தாள். அக்கா வீட்டில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மச்சினன் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிங்க."

"மாட்டேன்."

"அதுல என் துணியெல்லாம் இருக்கு."

"தெரியும். அதான் உக்காந்திருக்கேன்." பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான், "சோறு எப்படியோ ஆக்கிக்கிறேன். ஆனா சாயங்காலம் கடையிலிருந்து வந்தா, அந்தக் காவக்காரர்கிட்டதான் பேச வேண்டியிருக்கு. அவர் ஆந்தை மாதிரி இடைவெளியையே பாத்துக்கிட்டு 'ம், ம்'னு சொல்றாரு."

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை. மூக்கைச் சிந்திவிட்டுப் பின்பக்கம் போனாள். நானும் போனேன்.

அங்கே வாரியமே கூடி நின்றது. தலைவர், ஆலோசகர், ஆய்வு அதிகாரி, காவலாளி, கயிறு. எல்லோருக்கும் மேலே தூறல். எல்லோரும் இடைவெளியையே வெறித்துக்கொண்டிருந்தார்கள், பிழைக்குமா என்று நோயாளியைப் பார்க்கிற மாதிரி.

"என்னாச்சுண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

"இடைவெளி கெட்டுப்போகுதாம்மா."

அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நேரே தலைவரிடம் போனாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குப் பேரா பாதுகாக்கிறது?"

தலைவர் திரும்பினார்.

"இவ்வளவு ஒசந்த பொருளை வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருக்கீங்களே. எங்க வீட்டுச் சர்க்கரையையே நான் இப்படித் திறந்து வைக்க மாட்டேன். திறந்து வச்சா எறும்பு வரும், ஈரம் வரும், கரைஞ்சு போகும். உங்களுக்குச் சொல்லித் தரணுமா? மூடி வச்சாத்தானே இருக்கும்?"

ஆய்வு அதிகாரி கேமராவைக் கீழே இறக்கினார்.

"மூடி..." என்றார் தலைவர்.

"வச்சா..." என்றார் ஆய்வு அதிகாரி.

ஆலோசகர் கண்ணை மூடினார். இந்தத் தடவை வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் நினைத்தபோது அவர் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. அது தூறல்தான் என்று காவலாளி பிற்பாடு சொன்னார். நான் நம்பவில்லை.

"பேணலின் முதல் விதி!" என்றார் ஆலோசகர். "எங்கள் துறையில் யாருக்கும் இது தோன்றவில்லையே!"

அங்கேயே அவசரக் கூட்டம். மூட வேண்டும், சரி. எதனால் மூடுவது? கண்ணாடி என்றார் ஆய்வு அதிகாரி. கண்ணாடி வேர்க்கும் என்றார் ஆலோசகர். தார்ப்பாய் அசிங்கம். தகரம் அதைவிட அசிங்கம். மரப்பலகை உளுத்துப்போகும். மச்சினன் மெல்லக் குடை என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

"நிலக்காட்சியோடு ஒட்ட வேண்டும், இடைவெளியின் அளவுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும், காற்றும் நீரும் புகக் கூடாது," என்று ஆலோசகர் விரல் மடக்கினார். "அப்படி ஒரு பொருள்..."

தங்கச்சி செங்கல் குவியலின் மேல் போய் உட்கார்ந்தாள். கால் வலிக்கிறது என்றாள்.

ஆலோசகர் அவளைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். கண்ணை மூடவே இல்லை.

"செங்கல்!"

வாரியத்தின் தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. அது சுவர் அல்ல, பாதுகாப்பு உறை. செங்கல்லால் ஆன, இரண்டு பக்கமும் பூசப்பட்ட, நிரந்தரமான தற்காலிக உறை. உறைக்குள் இருட்டும் ஈரப்பதமும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் கதவையும் இனிமேல் சாத்தியே வைக்க வேண்டும் என்று ஆய்வு அதிகாரி சேர்த்தார். வாளியும் உறைக்குள் இருப்பதால் அது கவிழ்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று இனி யாரும் பார்க்க முடியாது, ஆகவே கவிழ்ந்திருப்பதாகவே கருதப்படும்.

அதே கொத்தனார் வந்தார். கால் சரியாகியிருந்தது. முதல் செங்கல்லை எடுத்ததும் மலையைத் திரும்பிப் பார்த்தார். அலறல் எதுவும் வரவில்லை. இரண்டாவது செங்கல்லை எடுத்தார்.

உறை திறப்பு விழா மண்டபத்தில் நடந்தது. தலைவர் பேசினார்.

"பெருமக்களே! இந்த வாரியம் தொடங்கிய நாளில் இந்த இடைவெளி அனாதையாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் என்ற இழிநிலை இருந்தது. இன்று அந்த நிலையை மாற்றியிருக்கிறோம். இனி இதை யாரும் பார்க்க முடியாது! இங்கே ஒரு இடைவெளி இருந்ததற்கான சுவடுகூடத் தெரியாத அளவுக்குப் பேணியிருக்கிறோம். உலகத்தில் எத்தனையோ அமைப்புகள் எதையெதையோ காப்பாற்றியிருக்கின்றன. ஒன்றுமில்லாததைக் காப்பாற்றிய பெருமை நமக்கு மட்டுமே!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த அதிர்விலோ, அத்தி வேரின் கைங்கரியத்திலோ, மண்டபத்தின் பின்மூலை பொலபொலவென்று உதிர்ந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அங்கே யாரும் நிற்கவில்லை. தூசி அடங்கியதும், அந்த மூலை வழியாக அதுவரை தெரியாத ஒரு துண்டு வானம் தெரிந்தது.

தலைவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அம்மா," என்றார் ஆய்வு அதிகாரியிடம், "கேமரா."

காவலாளியை மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று மச்சினனிடம் விடைபெற வந்தார். தூறல் போட்டதால் மச்சினன் அவருக்கு ஒரு குடை கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், பின்பக்கம் போய்ப் புதுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். தட்டுப்பட்டது.

"போயிடுச்சு," என்றார் பெருமூச்சோடு.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம். வாளியில் தண்ணீர் நிறைகிற சத்தம். பிறகு தங்கச்சியின் பாட்டு. பாட்டு என்று சொல்ல முடியாது. சுருதி ஒரு தெருவிலும் தாளம் வேறு தெருவிலும் போய்க்கொண்டிருந்தது. மச்சினன் கொல்லைப்படியில் உட்கார்ந்து, கச்சேரி கேட்கிறவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதே நேரம் வழி தெரியாமல் இறங்கிவந்த பார்வையாளர்கள் சிலர் சுவரின் முன்னால் நின்றார்கள். "உள்ள என்ன சத்தம்?" என்று ஒருவர் கேட்டார்.

காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பழங்காலத்து நீரோட்டம்," என்றார்.

"ஏங்க!" என்றது நீரோட்டம். "துண்ட மறந்துட்டேன், எடுத்துக் குடுங்க!"

"அது எதிரொலி," என்றார் காவலாளி.

மச்சினன் அதற்குள் துண்டோடு ஓடிவிட்டான். பெட்டி அன்றே பிரிக்கப்பட்டது. அக்கா வீட்டார் ஊருக்குப் போனபோது தங்கச்சி தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு, தலை காயாமலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

எனக்கு இதனால் ஆன லாபம் ஒன்றுதான். எச்சரிக்கை. இப்போதெல்லாம் என் வீட்டில் எது விழுந்தாலும் முதலில் வாசல் கதவைச் சாத்துகிறேன். யார் கண்ணிலும் படுவதற்குள் எடுத்து ஒட்டிவிடுகிறேன்.

போன வாரம் என் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. நேரே நடுவில். வாயை இறுக்க மூடிக்கொண்டு பல் வைத்தியரிடம் ஓடினேன். பாதி வழியில், மண்டபத்திலிருந்து இறங்கி, ஆய்வு அதிகாரி எதிரே வந்தார். கழுத்தில் கேமரா.

"ஐயா, சௌக்கியமா?" என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.